இரண்டே எம்.பி., ஆனால் நானூறு எம்.எல்.ஏ.: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் நாஷுவா என்ற ஊரில் இருக்கிறாள். எதிர்வீட்டுப் பெரியவர் அந்த மாநில எம்.எல்.ஏ.வாம், வாசல் பனியை அவரே தள்ளிக்கொண்டிருந்தாராம். நாடாளுமன்றக் கீழவைக்கு அந்த மாநிலத்திலிருந்து போவது இரண்டே பேர், ஆனால் எம்.எல்.ஏ.க்கள் 400 பேர் என்கிறாள். நம்புவதா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: தாராளமாக நம்பலாம் ஐயா. கீழவையின் 435 இடங்களை மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் நியூ ஹாம்ப்ஷையரில் 13,77,529 பேர்தான், அதனால் அதற்கு 2 இடம். கலிபோர்னியாவுக்கு 52. ஆனால் மாநில சட்டமன்றத்தில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்பதை அந்தந்த மாநிலமே தன் அரசியல் சட்டத்தில் முடிவு செய்துகொள்கிறது, அங்கேதான் இந்த 400 வருகிறது. மேலவை வேறு இருக்கிறது, அதில் 24 பேர்.

இதை நம் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 20 கோடிப் பேர் இருந்த உத்தரப் பிரதேசத்துக்கு 403 எம்.எல்.ஏ. நம்ம தமிழ்நாட்டில் அப்போது 7.21 கோடிப் பேர், எம்.எல்.ஏ.க்கள் 234, அதாவது ஒருவருக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். அங்கே ஒருவருக்குச் சுமார் 3,400 பேர்தான். வேலூர் மாநகராட்சியில் சுமார் 5 லட்சம் பேருக்கு 60 வார்டு, ஒரு கவுன்சிலர் எட்டாயிரம் பேருக்கு மேல் பார்க்கிறார். அந்தப் பெரியவருடைய பொறுப்பு நம்ம கவுன்சிலருடையதில் பாதிகூட இல்லை, அப்புறம் அவர் எதிர்வீட்டில் இருப்பதில் என்ன ஆச்சரியம்!

இன்னொன்றும் மகளிடம் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் பெரிய ஊர் என்றால் ஒரே தொகுதிக்குப் பல உறுப்பினர்கள், எத்தனை இடமோ அத்தனை பேருக்கு ஒரு வாக்காளர் ஓட்டுப் போடலாம். நமக்கும் இது புதிதில்லை, 1952, 1957 தேர்தல்களில் இங்கேயும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன, 1961-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஓட்டுக் கேட்கிற விதம். மூவாயிரம் சொச்சம் பேர் என்றால் இரண்டு மூன்று மாதத்தில் நடந்தே எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிடலாம். நான் முப்பது வருஷமாக ஓட்டுப் போடுகிறேன், வேட்பாளர் என்பவரைத் திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி போகிறவராகத்தான் பார்த்திருக்கிறேன், எங்கள் தெரு சாக்கடை பற்றி நின்று ஒரு வார்த்தை பேச முடிந்ததே இல்லை. தொகுதி பெரிதாக ஆக ஆள் நேரில் வருவது குறைகிறது, அந்த இடத்தில் பணம் வந்து உட்காருகிறது என்பது என் எண்ணம். 2019-ல் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு, ஏப்ரல் 18 வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையே ரத்து செய்ததும், ஆகஸ்ட் 5-ல் மறுபடி நடத்தியதும் நாம் கண்ணால் பார்த்ததுதானே. நாடு முழுக்க ஓட்டுப் போட்டபோது நாம் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்த அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறதா? இல்லை. அந்த எம்.எல்.ஏ.வுக்குச் சம்பளம் வருஷத்துக்கு 100 டாலர், 1889-ல் வைத்தது, இன்னும் ஏறவில்லை. போக்குவரத்துச் செலவு தனியாகக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இங்கே மாதம் 1,05,000 ரூபாய். நம்ம எம்.எல்.ஏ.க்களுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற ஒருவர் 100 டாலருக்குச் சட்டமன்றம் போக முடியுமா? அங்கே ஓய்வு பெற்றவர்களும் வசதி உள்ளவர்களும் நிறைய இருப்பதற்கு இதுதான் காரணம். மக்களுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு பதவியை வைத்துவிட்டு, உழைத்துச் சாப்பிடுகிறவன் அதில் உட்கார முடியாமல் செய்வது தப்பு.

கேள்வி: ஒரே ஒரு எம்.பி. உள்ள மாநிலங்களும் அங்கே உண்டா? (ஆம்பூர் வாசகி)

பதில்: ஆறு இருக்கின்றன: அலாஸ்கா, டெலவேர், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட், வயோமிங். மொன்டானாவும் இப்படித்தான் இருந்தது, 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு அதற்கு இரண்டாக்கினார்கள். நமக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், புதுச்சேரி இருக்கிறதே. தேர்ந்தெடுக்கப்படும் எம்.எல்.ஏ.க்கள் 30 பேர், மக்களவைக்கு ஒருவர். கேரளக் கரையில் இருக்கிற மாஹேக்காரரும் ஆந்திரப் பக்கம் இருக்கிற ஏனாம்காரரும் அந்த ஒரே எம்.பி.யைத்தான் தேட வேண்டும். மக்கள்தொகையில் நியூ ஹாம்ப்ஷையருக்கும் புதுச்சேரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 30-ஐயும் 400-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: வேலைக்காக ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, ஓட்டு இன்னும் அங்கேதான். என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். (காட்பாடி வாசகர்)

பதில்: தம்பி, மேலே சொன்ன அதே மாநிலத்தில் 2022 நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். ராச்செஸ்டர் நகரின் 4-வது வார்டு தொகுதியில் மறு எண்ணிக்கை முடிந்தபோது இரண்டு வேட்பாளருக்கும் தலா 970 ஓட்டு. அவையில் அப்போது குடியரசுக் கட்சி 201, ஜனநாயகக் கட்சி 198, அந்த ஒரு இடம் தொங்கலில். கடைசியில் 2023 பிப்ரவரி 21-ல் திரும்பத் தேர்தல் வைத்தார்கள், ஜனநாயகக் கட்சி ஜெயித்து 201-க்கு 199 ஆனது. அந்த வார்டில் ஒரே ஒருவர் கூடுதலாக வந்து ஓட்டுப் போட்டிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது. நம் சட்டத்தில் சமமாக வந்தால் மறு தேர்தல் கிடையாது, குலுக்கல் சீட்டுதான். ராஜஸ்தானில் 2008 சட்டமன்றத் தேர்தலில் அந்த மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி.ஜோஷி தோற்றது ஒரே ஒரு ஓட்டில். உங்கள் காட்பாடியிலேயே 2021-ல் துரைமுருகன் ஜெயித்த வித்தியாசம் 746 ஓட்டு, அது ஒரு வாக்குச்சாவடியின் ஓட்டுக்கூட இல்லை.

முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. ஆன்லைனிலேயே போடலாம், புது முகவரிக்கு ஒரு சான்று வேண்டும், சந்தேகம் இருந்தால் 1950-க்குப் போன் செய்யுங்கள். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போடுங்கள்.