கோத்தகிரி வீடு: பெயின்டரை இப்போது விடாதீர்கள்

பழைய வீட்டைப் புதுப்பிக்க எலக்ட்ரீஷியன், பெயின்டர் இருவரும் இந்த ஐப்பசியிலேயே வருகிறேன் என்கிறார்கள், யாரை முதலில் விடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கூரை ஒழுகலை அடைத்துவிடுங்கள் சார். அப்புறம் சுவரை வெட்டி ஒயரிங் பைப், தண்ணீர்ப் பைப் இரண்டையும் ஒரே மூச்சில் பதிக்கட்டும். தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்த பிறகே கொத்தனார் பூச வேண்டும். பூச்சுக்கு 7 நாள் தண்ணீர் அடிப்பது எங்கும் உள்ளதுதான். இந்த மழையில் அது காய்வதுதான் பெரும்பாடு. குன்னூரில் என் வீட்டில் பூச்சு காயும் முன்பே அவசரப்பட்டுப் பட்டி பார்த்தோம், அதாவது பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் மாவைப் பூசினோம். தை மாதத்தில் சுவிட்ச் பெட்டியைச் சுற்றி அப்பளம் மாதிரி உப்பி, நகம் பட்டதும் உதிர்ந்தது.

டைல்ஸ், கதவு வேலையெல்லாம் நடுவில் முடியட்டும். பெயின்டரை மாசியில் வரச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள் வருவதென்றால், தங்க இடமும் கூலியோடு சேர்த்தே பேசிவிடுங்கள்.