புயல் ஒரு ராத்திரி, இருட்டு பல நாள்

கேள்வி: வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். தளம் போட்ட வீடு, பின்னால் சமையல்கட்டுக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். போர் மோட்டாரும் மாடியில் 1000 லிட்டர் டேங்கும் உண்டு. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் நான், இன்சுலின் போடும் மாமியார், இரண்டு பிள்ளைகள். கஜாவுக்கு அப்புறம் ஐப்பசி பிறந்தாலே பயமாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? ஜன்னல் கண்ணாடியில் டேப் ஒட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருகிறதே, ஒட்டலாமா?

பதில்: டேப் வேண்டாம். அது கண்ணாடிக்குப் பலம் தராது, உடையும்போது பெரிய துண்டுகளாக விழும், அவ்வளவுதான். முடிந்தால் வெளியே ப்ளைவுட் அடியுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஜன்னலிலிருந்து தள்ளி உள்ளறையில் இருங்கள். "காற்று போக ஒரு ஜன்னலைத் திறந்து வை" என்று யாராவது பெரியவர் சொல்வார். கேட்காதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று இழுக்கும். ஷீட் பிய்த்துக்கொண்டு போவது இப்படித்தான்.

அந்த ஷீட்டைப் புரட்டாசியிலேயே ஆள் வைத்துப் பாருங்கள். துருப்பிடித்த ஜே போல்ட்டுகளை மாற்றி, ஓரங்களை இறுக்கச் சொல்லுங்கள். முதலில் தூக்குவது ஓரம்தான். காற்று கிளம்பிய பிறகு யாரும் மேலே ஏறக் கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரைத் தளம் போட்ட பகுதிக்குள் கொண்டுவந்து நிமிர்த்திக் கட்டி வையுங்கள். வெள்ளம் புகுந்தால் சிலிண்டர் மிதக்கும்.

ஆனால் நான் அதிகம் சொல்ல விரும்புவது காற்றைப் பற்றி அல்ல. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்தது. காற்று அடித்தது சில மணி நேரம், பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. நம் ஊரில் ஏற்பாடு செய்பவர்கள் மெழுகுவத்தியும் பிஸ்கட்டும் வாங்கிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

அதனால் எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை டேங்கை நிரப்புவது. நிரம்பிய டேங்க் ஒரு டன் எடை, எளிதில் நகராது. காலி டேங்க் என்றால் காற்று தூக்கிப் பக்கத்துத் தெருவில் போடும். நிரம்பியதும் கீழே வரும் குழாயின் வால்வை மூடிவிடுங்கள், எங்காவது பைப் உடைந்தால் தண்ணீர் மொத்தமும் போய்விடும். குடிக்கவும் சமைக்கவும் தனியாக, ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு 112 லிட்டர். மூடி போட்ட ட்ரம்மும் குடங்களும் போதும். அருகில் கைப்பம்பு எங்கே இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று இப்போதே அடித்துப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு எந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அடுத்தது மாமியாரின் இன்சுலின். திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்து பயன்படுத்துவது, பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நாலு வாரம் தாங்கும். உங்களுடைய வகைக்கு என்ன என்று மருந்துக் கடையிலோ டாக்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் நின்ற பிறகு, பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு, மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் உள்ளே வையுங்கள். மேலே ஈரத்துணி. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ரொம்பக் குளிராது, வெக்கையில் வைப்பதைவிடத் தேவலை. ஐஸ்மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். ஊசியும் மாத்திரையும் இரண்டு வாரத்துக்கு இருக்கட்டும். சாப்பாடு நேரம் தவறினால் சர்க்கரை இறங்கிவிடும், குளுக்கோஸ் ஒரு பாக்கெட் கைவசம் வேண்டும்.

வானிலை மையத்தின் புயல் எச்சரிக்கை, மோசமான வானிலை தொடங்கக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே வந்துவிடும். வாங்குவது, நிரப்புவது, சார்ஜ் போடுவது எல்லாம் அந்த முதல் நாளிலேயே முடியட்டும். விஏஓ வந்து முகாமுக்குப் போகச் சொன்னால் பகல் வெளிச்சத்திலேயே கிளம்புங்கள். கடல் ஏறினால் தளம் போட்ட வீடும் காப்பாற்றாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

அன்று ராத்திரி காற்று திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள். புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம். மேற்கு நோக்கி வரும் புயல் என்றால் அதுவரை வடக்கிலிருந்து அடித்த காற்று, கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடிக்கும். வடக்குக் காற்றில் பாதி சாய்ந்து நிற்கும் மரம் அப்போதுதான் முறியும்.

இன்னொன்று. ரேஷன் கார்டு, ஆதார், பட்டாவைப் பிளாஸ்டிக் கவரில் போடும்போதே வீட்டையும் ஷீட்டையும் மரங்களையும் போனில் படம் எடுத்து, கணவருக்கும் அனுப்பிவிடுங்கள். சேதம் ஆனால் சுத்தம் செய்வதற்கு முன் மறுபடி எடுங்கள். நிவாரணக் கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது இரண்டையும் சேர்த்துக் காட்டலாம்.