நொய்யல் கரையில் ஒரு சின்ன ஊர்: கொடுமணல்

ஆற்றங்கரையில் இருக்கிற ஏதாவது ஒரு சின்ன ஊரின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கொடுமணலைத் தவிர வேறு ஊர் தோன்றவில்லை, என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊர் அதற்குப் பக்கத்தில்தான். ஈரோடு மாவட்டம், சென்னிமலைக்கு மேற்கே 15 கிலோமீட்டர் போல, நொய்யலின் வடகரை. இன்று போனால் சோளக்காடும் ஆட்டுப்பட்டியும்தான் கண்ணில் படும்.

ஆனால் 2,000 ஆண்டுகளுக்கு முன் இது கல்மணி செய்கிற ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பெயர் வருகிறது, அங்கே செய்த அருங்கலங்களைப் புகழ்ந்து. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பட்டறைகளே கிடைத்தன. ஏன் இந்த இடம் என்றால், தெற்கே படியூரில் பெரில் என்கிற மணிக்கல், காடு முழுக்க வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக்கல், சென்னிமலைப் பக்கம் இரும்புத்தாது, கையருகே ஆற்றுத்தண்ணீர், அப்புறம் மேற்குக் கடற்கரையில் இருந்த முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போகிற பெருவழி, எல்லாம் இங்கே ஒன்றுசேர்கின்றன. சூதுபவளம் என்கிற செந்நிறக் கல்லை மட்டும் குஜராத் பக்கமிருந்து வரவழைத்திருக்கிறார்கள்.

இந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரோமாபுரி வணிகத்தில்தான் ஆரம்பிப்பார்கள். சரி, அதுவும் உண்மைதான். எனக்கு மனசில் நிற்பது பாதியில் விட்ட மணிகள். சின்ன வயதில், மழை விட்ட மறுநாள் உழுத காட்டில் அம்மிச்சி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். புளியங்கொட்டை அளவு வெள்ளைக்கல், ஒரு பக்கம் வழவழவென்று தேய்த்திருந்தது, மறுபக்கம் சொரசொரப்பு, துளை ஒரு நெல்மணி ஆழம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது, ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். துளைக்கும்போது கல் தெறித்திருக்கும், செய்தவர் அலுத்துப்போய் வீசியிருப்பார். இன்னொன்று பானை ஓடுகள். தமிழ் பிராமி என்கிற பழந்தமிழ் எழுத்துள்ளவை மட்டும் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, ஒன்றில் ‘கண்ணன் ஆதன்’ என்று பெயர். அரசன் வெட்டிய கல்வெட்டு இல்லை, புழங்குகிற பானையில் கீறிய பெயர். இத்தனை சின்ன ஊரில் இவ்வளவு பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

ஊரைச் சுற்றிக் கல்வட்டங்களும் ஓங்கி நிற்கிற நெடுங்கல்லும் உண்டு, எல்லாம் இடுகாட்டுச் சின்னங்கள். காங்கேயம் பக்கம் இன்றைக்கும் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறார்கள்.

ஆற்றுக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விட முடியாது. பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று 1992இல் திறந்தார்கள். திருப்பூர்ச் சாயத்தண்ணீர் வந்து தேங்கியதில் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் உப்பானது, தென்னை கருகியது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கப்புறமும், நான் போகும்போதெல்லாம் ஆற்றில் இறங்கப் பார்த்தால், “வேண்டாங் கண்ணு, கால் அரிக்கும்” என்று அம்மிச்சி மேட்டிலிருந்தே கூப்பிடுவார்.