மகளுக்கு ரத்தம் 8.6: பீட்ரூட் போதுமா, மாத்திரை வேண்டுமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நானும் என் கணவரும் கட்டட வேலைக்காகப் பெங்களூரு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். மகள் ஊரில், பென்னாகரம் பக்கத்தில், என் அம்மாவிடம் இருந்து ஒன்பதாவது படிக்கிறாள். வயது 14. பள்ளியில் சோதித்துப் பார்த்து ரத்தம் 8.6 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தலை சுற்றுகிறது, புத்தகத்தை எடுத்தால் தூக்கம் வருகிறது என்கிறாள். மாதவிலக்கு எட்டு நாள் வரை போகிறது. பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரை குமட்டுகிறது என்று எறிந்துவிடுகிறாள். அதைச் சாப்பிட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று யாரோ சொன்னதால் என் அம்மாவும் வற்புறுத்துவதில்லை. பீட்ரூட், பேரீச்சை சிரப் கொடுத்தால் ஏறுமா? ரத்தம் ஏற்ற வேண்டி வருமா? இங்கேயே அழைத்து வந்துவிடலாமா?

பதில்: ரத்தம் ஏற்றத் தேவையில்லை அம்மா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். சீட்டில் இருப்பது ஹீமோகுளோபின் அளவு. இந்த வயதில் 100 மில்லி ரத்தத்தில் அது 12 கிராமாவது இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்போம். உங்கள் மகள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறாள், அதனால் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் நடந்து பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு மாத்திரையாலேயே சரியாகும்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பிவிட்டோம். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. இந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லிகிராம் வேண்டும். பேரீச்சை சிரப் இரண்டு ஸ்பூன் கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஏறாது. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கச் சொல்லுங்கள். இவ்வளவு இறங்கிய பிறகு சாப்பாட்டை மட்டும் வைத்து மேலே கொண்டுவர முடியாது. மாத்திரை ஏற்றும், ஏறியது மறுபடி இறங்காமல் சாப்பாடு பார்த்துக்கொள்ளும்.

அந்த நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பள்ளியில் வாரம் ஒன்று கொடுப்பது ரத்தசோகை வராமல் தடுப்பதற்கு. உங்கள் மகள் அதை எறியாமல் விழுங்கியிருந்தாலும் இப்போது வாரம் ஒன்று போதாது, தினமும் வேண்டும். அந்தச் சீட்டோடு பாட்டியும் பேத்தியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். அங்கே ஒருமுறை முழு ரத்தப் பரிசோதனை செய்து, எத்தனை மாத்திரை என்று டாக்டர் சொல்வார். காசு கிடையாது. குறைந்தது மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். தலைசுற்றல் நின்றதும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

குமட்டலுக்கு ஒரே வழி, வெறும் வயிற்றில் போடாமல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் படுத்துவிடுவது. மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீ, பால் வேண்டாம். குழந்தை பிறக்காது என்பது முழுப் பொய். நாளைக்கு அவள் கர்ப்பமாகும்போது உடம்பில் ரத்தம் இல்லாமல் இருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. இதை உங்கள் அம்மாவுக்கு நீங்களே போனில் சொல்லுங்கள். பெற்ற மகள் நீங்கள் சொன்னால் கேட்பார்.

எட்டு நாள் மாதவிலக்கை டாக்டரிடம் சொல்லாமல் வரக் கூடாது. ஏழு நாளைத் தாண்டினாலோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, பெரிய கட்டியாகப் போனாலோ அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? அதே போல் கொக்கிப்புழு. செருப்பில்லாமல் காட்டுப் பக்கம் போகும் பிள்ளைகளுக்குக் கால் வழியாக ஏறிக் குடலில் இருந்து ரத்தம் உறிஞ்சும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையைச் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குக் காலை நேரம்தான் கவலை. அரசுப் பள்ளியில் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாவது படிக்கிறவள் பஸ் பிடிக்கும் அவசரத்தில் ஒரு டீயும் இரண்டு வறுக்கியுமாகக் கிளம்பிவிடுவாள். மதியம் சத்துணவும் முட்டையும் உண்டுதான். ஆனால் இந்த வயதில் தட்டோடு வரிசையில் நிற்க வெட்கப்பட்டுப் பட்டினி கிடக்கும் பெண்கள் உண்டு. சாப்பிடுகிறாளா என்று அதட்டாமல் கேட்டுப் பாருங்கள். பச்சரிசி, சாக்பீஸ், திருநீறு மென்று தின்கிறாளா என்றும் கேளுங்கள். அது கெட்ட பழக்கம் இல்லை, இரும்பு குறைந்ததன் அறிகுறி.

உங்கள் ஊரில் கிடைப்பதே நல்ல சாப்பாடு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், இரும்பும் உண்டு. ஆனால் அந்த இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது. புளிக்கவைத்துக் கூழாகக் குடித்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), ஆட்டு ரத்தம் ஆகியவற்றைக் கொடுக்கச் சொல்லும் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சரி. அவற்றில் இருக்கும் இரும்பு உடம்பில் சேருவது போல எந்தக் கீரையின் இரும்பும் சேராது. வாரம் ஒருமுறை நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். அப்புறம், ரேஷன் அரிசியில் வித்தியாசமாகத் தெரியும் மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்பும் பி12-ம் சேர்த்துச் செய்த அரிசி. எறிய வேண்டாம்.

பள்ளியை நடுவில் நிறுத்தி இங்கே அழைத்து வராதீர்கள். நீங்கள் இரண்டு பேரும் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பும் வீட்டில் அவளுக்குச் சமைத்துப் போட யார் இருக்கிறார்கள்? அங்கே பாட்டி இருக்கிறார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் தலசீமியா போன்ற பரம்பரைக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்போம். நீங்களும் கணவரும் சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நடுவில் மூச்சு வாங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ, கால் வீங்கினாலோ காத்திருக்காமல் தருமபுரி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அடுத்த சீட்டில் என்ன எண் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.