பெரிய நிதியங்கள் வாங்கியிருந்தால் இலாபக் கணக்கை நம்பலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பணிக்கொடையாகக் கிடைத்த தொகையில் 12 இலட்சம் ரூபாவைக் கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள ஒரு கம்பனியில் போட எண்ணியுள்ளேன். வீட்டுப் பாவனைப் பொருள்களை இறக்குமதி செய்து மொத்த வியாபாரிகளுக்கு விநியோகிக்கும் கம்பனி அது. அதன் இலாபம் நான்கு ஆண்டுகளாகச் சீராக உயர்கிறது. கடந்த ஓராண்டில் மூன்று பெரிய பெயர்கள் அதன் முதல் 20 பங்குதாரர் பட்டியலில் சேர்ந்துள்ளன. “நிதியங்கள் கணக்கைத் துருவிப் பார்க்காமல் காசு போடாது மாமி, யோசிக்காமல் வாங்குங்கள்” என்கிறார் மருமகன். 2025 மார்ச் 31 வரையான கூற்றுகளையும் பங்குதாரர் பட்டியலையும் இணைத்துள்ளேன். வாங்கலாமா?

பதில்: நிதியங்கள் கணக்கைத் துருவிப் பார்க்கும் என்று உங்கள் மருமகன் சொல்வது சரிதான். ஆனால் அதை வைத்து நீங்கள் பார்க்காமல் விடலாம் என்ற முடிவுக்கு வர முடியாது. நீங்கள் அனுப்பிய தாள்களை நான் இருமுறை வாசித்தேன். என்னை முதலில் நிறுத்தியது அந்தச் சீரான உயர்வுதான்.

வரிக்கு முந்திய இலாபம் 2022 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 410 மில்லியன் ரூபா, பின்னர் 432, 455, 479. ஒவ்வோர் ஆண்டும் ஐந்தேகால் சதவீதத்தை ஒட்டிய உயர்வு. இதில் 2023 மார்ச்சில் முடிந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கிய டொலர் 360 ரூபாவைத் தொட்ட ஆண்டு அது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. இறக்குமதியை நம்பி வாழும் ஒரு கம்பனி அந்த ஆண்டிலும் வழமையான வேகத்தில் இலாபம் காட்டியிருக்கிறது என்றால், அது வியாபாரத்தின் இயல்பா, கணக்கெழுதியவரின் கைவண்ணமா என்று கேட்பதில் தவறில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். விரும்பிய இலாபம் தெரியும்படி கணக்கைச் சரிக்கட்டுவதை வருவாய் முகாமைத்துவம் என்பார்கள்; அது எல்லாமே மோசடியாகிவிடாது. கணக்கியல் நியமங்களே முகாமையாளரின் மதிப்பீட்டுக்கு இடம் விடுகின்றன. உங்கள் கம்பனிக்கு வியாபாரிகளிடமிருந்து வர வேண்டிய கடன் 1,340 மில்லியன் ரூபா. அதில் இரண்டு சதவீதம் வராமல் போகலாம் என ஏற்பாடு செய்தால் செலவு ஏறத்தாழ 27 மில்லியன்; நான்கு சதவீதம் என்றால் ஏறத்தாழ 54 மில்லியன். கடைசி ஆண்டில் இலாபம் கூடியது வெறும் 24 மில்லியன்தான் என்பதால், ஒரு கூட்டத்தில் அந்த விகிதத்தை மாற்றியிருந்தாலே வளர்ச்சி முழுவதும் மறைந்திருக்கும். இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை, ஆயினும் உங்களுக்குத் தெரியும் இலாபம் மாறிவிடுகிறது.

இன்னொரு வழி கணக்கேட்டில் நடப்பதல்ல, தெருவில் நடப்பது. மார்ச் கடைசி வாரத்தில் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் லொறிகள் பெட்டிகளை இறக்கிக்கொண்டே இருக்கும். மொத்த வியாபாரி கேட்டது ஐம்பது பெட்டி, இறங்குவது நூற்றைம்பது. “காசை ஜூனில் பார்ப்போம் முதலாளி, போகாவிட்டால் திருப்பி எடுக்கிறோம்” என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லிப் பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்கிக்கொள்வார். 31ஆம் திகதிக்கு முன் பற்றுச்சீட்டு எழுதப்பட்டதால் அது அவ்வாண்டின் விற்பனையாகக் காட்டப்படுகிறது. திருப்பி எடுக்க நேரக்கூடிய சரக்கின் அளவைக் கழிப்பதே நியமம் என்றாலும், அந்த வாய்வார்த்தை பற்றுச்சீட்டில் இருப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டு வருவதால் மார்ச்சில் சரக்கு குவிப்பது எங்கள் ஊரில் முற்றிலும் நியாயமான வியாபாரமும்கூட. எது புத்தாண்டுக் கேள்வி, எது இலாபத்தை நிரப்பும் அவசரம் என்பதை விற்பனை முகாமையாளர் அறிவார். வெளியில் இருக்கும் நீங்களும் நானும் அறிய மாட்டோம். பொருளியலில் தகவல் சமச்சீரின்மை என்பது இதைத்தான். ஜார்ஜ் அக்கர்லொஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து இதை விளக்கினார்; 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த இடைவெளி கூடும்போது கணக்கைச் சரிக்கட்டுவதும் கூடுகிறது என்பதை வெர்னன் ரிச்சர்ட்சன் 2000இல் வெளியான ஆய்வொன்றில் நியூயோர்க் சந்தைக் கம்பனிகளை வைத்துக் காட்டினார். தகவல் இடைவெளியை அளக்க அவர் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, ஒரு பங்கை வாங்கக் கேட்கும் விலைக்கும் விற்கக் கேட்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம். அதை உங்கள் தரகரின் திரையிலேயே காணலாம். காலை 9.30க்குச் சந்தை திறந்த பிறகு சில நாள் கவனியுங்கள்; அந்த வித்தியாசம் அகலமாகவே கிடந்தால், அந்தக் கம்பனியைப் பற்றி நிறையத் தெரிந்தவர்கள் சிலரே என்று சந்தை நினைக்கிறது எனக் கொள்ளலாம்.

இனி நிதியங்களுக்கு வருவோம். அமெரிக்கக் கம்பனிகளை ஆராய்ந்த பிரையன் புஷீ 1998இல் வெளியிட்ட முடிவு உங்கள் கேள்விக்கு நேரே பொருந்துகிறது. பொதுவாக நிறுவன முதலீட்டாளர்கள் அதிகமாக இருந்தால், இலாபச் சரிவை மறைப்பதற்காக முகாமையாளர்கள் ஆராய்ச்சிச் செலவை வெட்டுவது குறைகிறது. ஆனால் அடிக்கடி வாங்கி விற்று விலையேற்றத்தின் பின்னால் ஓடும் நிதியங்கள் பெருமளவில் உள்ள கம்பனிகளில் அது கூடுகிறது. ஆகவே எந்த வகை நிதியம், எத்தனை ஆண்டாக வைத்திருக்கிறது என்பதே கேள்வி. உங்கள் பட்டியலின் மூன்று பெயர்களில் ஒன்று ஊழியர் சேமலாப நிதியம். மத்திய வங்கி முகாமை செய்யும் அந்த நிதியம் நாளையே விற்க வேண்டிய நெருக்கடியில் இருப்பதில்லை. இரண்டாவது ஒரு யூனிட் ட்ரஸ்ட். அதில் பணம் போட்டவர்கள் விரும்பிய நாளில் மீளப் பெறலாம் என்பதால் அது காலாண்டுக்குக் காலாண்டு பெறுபேறு காட்டியாக வேண்டும். மூன்றாவதாக மருமகன் வங்கி என்று எண்ணியதை மீண்டும் பாருங்கள்: வங்கியின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடும், அதன் பின் ஒரு தனிநபரின் பெயரும் உள்ளன. அங்கே வங்கி முதலீடு செய்யவில்லை, ஒருவர் வங்கியிடம் கடன் எடுத்துப் பங்கு வாங்கியிருக்கிறார். விலை சரிந்தால் முதலில் விற்கக் கட்டாயப்படுத்தப்படுபவர் அவராகத்தான் இருப்பார்.

மூவரும் சேர்ந்து வைத்திருப்பது 5.4 சதவீதம், தாய்க் கம்பனியிடம் இருப்பது 68. பணிப்பாளர்களை நியமிக்கச் சாதாரண பெரும்பான்மை போதும் என்ற நிலையில் இந்த நிதியங்கள் கேள்வி கேட்கலாம், எவரையும் மாற்ற முடியாது. அவை நிதிப் பணிப்பாளரை நேரில் சந்திக்கவும் கூடும், உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே நிதியம் உள்ளே வந்ததால் உங்கள் அறியாமை குறைந்துவிடவில்லை, உங்களுக்கு மேலே இன்னொரு படி முளைத்திருக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் நீங்களே பார்க்கக்கூடியது என்ன? உண்மையில் உள்ளே வந்த, வெளியே போன காசைக் காட்டும் காசுப் பாய்ச்சல் கூற்று. நான்கு ஆண்டு இலாபத்தின் கூட்டு 1,776 மில்லியன். தொழிற்பாட்டிலிருந்து பிறந்த காசு 395, 301, 188, 64 என இறங்கி மொத்தம் 948 மில்லியன். பெறுமானத் தேய்வு, அதாவது வாகனம், கட்டடம் போன்றவை பழசாவதற்காக எழுதப்படும் செலவு, காசாக வெளியேறுவதில்லையாதலால் வழமையில் காசு இலாபத்தைவிடக் கூடவே இருக்க வேண்டும். இங்கே 828 மில்லியன் குறைவு. அதே காலத்தில் வருமதி, அதாவது வியாபாரிகளிடமிருந்து வர வேண்டிய கடன், 620இலிருந்து 1,340 மில்லியனாகியிருக்கிறது. விற்பனை கூடியது 30 சதவீதம்தான். 37 நாளில் திரும்பி வந்த கடன் இப்போது 61 நாளுக்கு மேல் எடுக்கிறது. காசாக வராத இலாபம் அடுத்த ஆண்டுகளில் நிலைப்பது குறைவு என்பதை ரிச்சர்ட் சுலோன் 1996இலேயே காட்டியிருக்கிறார்.

காசைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்தில், 2009 ஜனவரியில் அதன் தலைவரே ஒப்புக்கொண்டபடி, ஐந்தொகையில் இருந்த காசில் 5,040 கோடி இந்திய ரூபா இல்லவே இல்லை. அங்கேயும் பெரிய நிதியங்கள் பங்குதாரராக இருந்தன.

உங்கள் கையில் உள்ள மார்ச் காலாண்டுத் தாளின் தலைப்பைப் பாருங்கள், “கணக்காய்வு செய்யப்படாதது” என்றிருக்கும். ஆகவே ஆண்டறிக்கைக்குக் காத்திருந்து, வருமதிகள் எத்தனை நாள் பழையவை எனக் காட்டும் குறிப்பை வாசியுங்கள். கேள்வி கேட்க விரும்பினால் 100 பங்கை வாங்கிக்கொண்டு செப்டெம்பர் முடிவதற்குள் நடக்க வேண்டிய பொதுக்கூட்டத்துக்குப் போய், மார்ச்சில் விற்றதில் எவ்வளவு சரக்கு மே முடிவதற்குள் திரும்பி வந்தது என்று மட்டும் கேளுங்கள். ஜூன் காலாண்டுக் கூற்று 45 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் வெளிவர வேண்டும். அதில் உள்ள வருமதியைச் சென்ற ஆண்டு ஜூனுடன் ஒப்பிடுங்கள், மார்ச்சுடன் ஒப்பிட்டால் புத்தாண்டு வியாபாரம் உங்களை ஏமாற்றும். கடன் நாள்கள் குறைந்து காசு வந்திருந்தால், 12 இலட்சத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்படாமல் இதில் போடலாம். மேலும் நீண்டிருந்தால், பட்டியலில் இன்னும் மூன்று நிதியங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தாலும் வாங்காதீர்கள்.