டென்னிஸில் உலக முதலிடத்தில் இருக்கும்போதே ஜஸ்டின் ஹெனின் ஓய்வு பெற்றது ஏன்?

ஒரே வரியில் சொன்னால், டென்னிஸ் அலுத்துப்போய்விட்டது. 2008 மே மாதம், பிரெஞ்சு ஓப்பனுக்குச் சில நாட்களே இருந்தபோது, 25 வயதில் விலகினார் இந்த பெல்ஜியக்காரர். அங்கே 2005 முதல் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தவரே அவர்தான்!

ஐந்தரை அடி உயரம்தான். ஆனால் அந்த ஒற்றைக் கை பேக்ஹேண்ட் (புறங்கை முன்னால் வர அடிக்கும் அடி) இருக்கிறதே! தோளுயரத்துக்கு எழும் பந்தைக்கூட உடம்பையே சுழற்றி, பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி அடித்துவிடுவார். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய தொடர்களில் மொத்தம் 7 பட்டங்கள், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம். விம்பிள்டன் மட்டும் கிட்டவே இல்லை. இரண்டு முறை இறுதிப் போட்டியில் தோற்றார்.

2010இல் திரும்பி வந்து, இரண்டாவது தொடரிலேயே ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி வரை போனார்; அமெரிக்காவின் செரீனா வில்லியம்ஸிடம் தோல்வி. அதே ஆண்டு விம்பிள்டனில் விழுந்து முழங்கையில் அடி. 2011 ஜனவரியில் ஒரேயடியாக விலகிவிட்டார்.