கொங்குப் பக்கம் கேல் கீரை போட்டால் வீட்டுக்கும் ஆகி, காசும் வருமா?

வீட்டுக்குத் தாராளமாக ஆகும். காசு வேண்டுமென்றால் முதலில் வாங்க ஆள் பிடித்துவிட்டு, அப்புறம் நாற்று விடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

எங்கள் தோட்டம் கோபி பக்கம். புரட்டாசிக் கடைசியில் குழித்தட்டில் விதை போட்டு, நாலு வாரத்தில் ஒன்றரை அடி இடைவெளியில் நட்டோம். கேலும் முட்டைக்கோசும் ஒரே இனம்தான், இது உருண்டை கட்டாது, அவ்வளவே. செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. கொண்டையை விட்டுவிட்டு அடியிலையை மட்டும் ஒடித்தால் மேலே வந்துகொண்டே இருக்கும். கென்யாவில் இந்த வகைக் கீரைக்கு 'சுகுமா விக்கி' என்று பேர், 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தம். மார்கழி, தை இரண்டு மாதமும் எங்கள் வாரத்தையும் அதுதான் தள்ளியது.

சரி, விற்கலாமே என்று உழவர் சந்தைக்கு முப்பது கட்டு கொண்டுபோனேன். ஒரு பாட்டி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மாட்டுக்குப் போடற கோசு எலையாட்ட இருக்குது, இதுக்குக் காசு வேறயா?" என்றார். விற்றது நாலு கட்டு. மீதியை எங்கள் எருமைதான் தின்றது.

பிறகு கோயமுத்தூரில் அடுக்குமாடியில் இருக்கும் சித்தி மகள் வழியாக வாரம் பத்துப் பன்னிரண்டு கட்டு போனது. விலையும் நன்றாகவே கிடைத்தது, ஆனால் அதற்கு மேல் கேட்பாரில்லை.

மாசி வெயில் ஏறியதும் இலை தடித்துக் கசந்துவிட்டது. கூடவே அசுவினிப் பூச்சி. இலையின் பின்பக்கம் சாம்பல் தூவின மாதிரி அப்பியிருக்கும். வாராவாரம் ஒடித்துத் தின்கிற இலைக்கு மருந்தடிக்க மனசு வரவில்லை. தண்ணீரைப் பீய்ச்சியும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தும் சமாளித்தோம். சுருட்டை இலை ரகம் வேண்டாம், மடிப்புக்குள் பூச்சி ஒளிந்துகொள்ளும்.

இப்போது கேல் 30 செடி, அதுவும் குளிர்காலத்துக்கு மட்டும். சந்தைக்கு நாலு பாத்தி அரைக்கீரை, நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 ரகம். விதைத்து 20 நாளில் கிள்ள ஆரம்பிக்கலாம். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கேலைச் சமைக்கும்போது நடு நரம்பை உருவிவிட்டுப் பொடியாக அரிந்து, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் செய்யுங்கள். கீரைதானே என்று அம்மா ஒரு நாள் கடையப் பார்த்தார். மத்துதான் தேய்ந்தது.